பூட்டுப் போட்ட வைஃபை

சமயநல்லூரில் எனக்கு ஒரு வீட்டுக்காரர் இருந்தார். வாடகைக்கு வீடு விட்டவரைச் சொல்கிறேன். அந்த வார்த்தைக்கு இருக்கும் இன்னொரு அர்த்தத்தின் இடம் அப்போது காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் பேரையூரில் என் அப்பா அலைந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்தின் அத்தனை அறைச் சாவியும் ஒரு காலத்தில் அவர் இடுப்பில்தான் தொங்குமாம். ஓய்வு பெற்ற அன்று சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இடுப்பு லேசாகிப் போய் நடையே வரவில்லை என்று அத்தை சொல்வார். அத்தை என்றால் அவர் மனைவி. மறுவாரமே மாமா திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார். திண்டுக்கல்லுக்குப் போகிறவர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவார்கள். மாமா ஒரு பை நிறையப் பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு நடை சரியாகிவிட்டது.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு பூட்டு. தண்ணீர்த் தொட்டி மூடிக்கு ஒரு பூட்டு. கொல்லைக் குழாயடி வாளியைக் குழாயோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருப்பார். சங்கிலி நீளம் போதாது என்பதால் வாளியை நம் பக்கம் இழுக்க முடியாது, நாம்தான் அதனிடம் போய்க் குனிய வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் காகித நட்சத்திரத்துக்கும் ஒரு குட்டிப் பூட்டு உண்டு. நட்சத்திரத்தைத் தேடிக் கிழக்கிலிருந்து ஞானிகளே வந்தாலும் பார்த்துவிட்டுப் போகலாம், தொட முடியாது. ஹால் வாசலில் இருக்கும் கிரில் கதவு பகலிலும் பூட்டியே இருக்கும். நான் வாடகை கொடுப்பதும் அத்தை எனக்குக் குழம்பு கொடுப்பதும் கம்பி இடுக்கு வழியாகத்தான். கம்பிக்கு யார் உள்ளே யார் வெளியே என்பதில் எனக்குச் சில நாள் குழப்பம் வந்ததுண்டு.

"வீட்டுல பூட்டாம விட்டது என்னைய மட்டுந்தாம்மா" என்பார் அத்தை. "அதுக்கும் பூட்டு தேடிக்கிட்டுத்தான் இருக்காரு."

இதில் சர்ச் கதையைச் சொல்லாமல் விட்டால் மாமாவைப் பற்றி எதையும் சொன்னதாக ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் தன் செருப்பையும் அத்தையின் செருப்பையும் சேர்த்து ஒரு சைக்கிள் பூட்டால் கட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். ஒரு மே மாதம் ஆராதனை முடிந்து வெளியே வந்து சாவியைத் தேடினால் காணோம். காணிக்கைப் பை வந்தபோது சட்டைப் பையில் கைவிட்டுக் கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறார். சாவியும் கர்த்தருக்குப் போய்விட்டது. காணிக்கைப் பையையோ உள்ளறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு பொருளாளர் கிளம்பிவிட்டார். மாமாவுக்கு அவர் மேல் கோபம் இல்லை. "பொறுப்பான மனுசன்" என்று பாராட்டினாராம். நாலு செருப்பையும் ஒரே கொத்தாகக் கையில் தூக்கிக்கொண்டு, கொதிக்கிற தார் ரோட்டில் இருவரும் வெறுங்காலோடு வீடு வந்தார்கள். அத்தை ஒவ்வொரு கடை நிழலுக்கும் தாவித் தாவி வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மாமா சொன்னது: "ஆனா செருப்பு களவு போகல பாத்தியா?"

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டு மாடிக்குத்தான் நான் வைஃபையை நம்பி வந்து சேர்ந்தேன்.

சென்னையில் இருக்கும் ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனியில் எனக்கு வேலை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு. தற்காலிகம்தான். சோதனைக் காலம் முடிந்ததும் நிரந்தரம் செய்வார்கள், இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டால் நேரே பேரையூர். அங்கே எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார் அப்பா. நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. 'பொண்ணு வேலைக்கெல்லாம் போக வேணாம், வீட்டுல இருந்தாப் போதும்' என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். நான் வீட்டில் இருந்துதான் வேலையே பார்க்கிறேன் என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, என் தலையெழுத்து அந்த வைஃபையில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் வீட்டில் வேகமான லைன் கிடைக்கவில்லை. மாமா வீட்டு கேட்டில் 'மாடி வாடகைக்கு, அதிவேக வைஃபை உண்டு' என்று ஒரு போர்டு தொங்கியது. அந்தப் போர்டுக்கும் ஒரு பூட்டு போட்டிருந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

லைன் அதிவேகம்தான், பொய் இல்லை. பெங்களூரில் இருக்கும் மகன் போட்டுக்கொடுத்தது. மாமாவும் அத்தையும் அதில் காலையில் ஒரு பிரசங்கமும் சாயங்காலம் ஒரு சமையல் வீடியோவும் பார்ப்பார்கள். மீதி வேகம் முழுக்க எனக்குத்தான் வர வேண்டும். வரவில்லை. மாடியில் என் லேப்டாப் திரையில் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மத்தியான வெயில் ஏறிவிட்டால் அந்த வட்டமும் போய் லைனே செத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து உயிர் வரும். நான் "ஆகவே இந்த விடை" என்று சொல்லி நின்றுபோவேன். உயிர் வரும்போது "என்பது தவறு" என்று முடிந்திருக்கும். பிள்ளைகள் எந்த விடையை அடித்தார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"மிஸ், நீங்க கொட்டாவி விடுற மாதிரியே நின்னுட்டீங்க" என்றது ஒரு வாண்டு. நின்றதைப் படம் பிடித்து ஸ்டிக்கராக்கி வகுப்பு முழுக்க அனுப்பியும் விட்டார்கள். அதில் என் ஒரு கண் திறந்தும் ஒரு கண் மூடியும் இருந்தது. யாராவது போரடிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் என் முகத்தை அனுப்பினார்கள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தேன். மாடியிலிருந்து குரல் கொடுப்பேன்: "மாமா, ரூட்டரை ஒரு வாட்டி ஆஃப் பண்ணிப் போடுங்க." கீழிருந்து சாவிக்கொத்துச் சத்தம் வரும், பிறகு "பண்ணியாச்சும்மா" என்று குரல் வரும். ஒரு ஸ்விட்சைத் தட்ட எதற்குச் சாவி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. போன் டவர் அங்கே பேச மட்டும்தான் போதும், வகுப்பு எடுக்க நெட் வராது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறையின் மூலை முடுக்கெல்லாம் அலைந்தேன். மாடிப்படி வளைவில் மட்டும் சிக்னல் ஓரளவு வந்தது. அங்கே அத்தை மிளகாய் வற்றல் காயப்போட்டிருப்பார். அந்தக் காரத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் பின்னக் கணக்கு நடத்தினேன். மூன்றாவது நாள் ஒரு பிள்ளையின் அம்மா கம்பெனிக்கு எழுதிவிட்டார், டீச்சருக்கு வீட்டில் ஏதோ துக்கம், வகுப்பு முழுக்க அழுகிறார்கள் என்று.

தனியாக ஒரு லைன் இழுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். "சுவத்துல இன்னொரு ஓட்டையா?" என்று மாமா முகம் வெளுத்துப் போய்க் கேட்டார். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

லைன்மேனை வரவழைத்தோம். கிரில் கதவு திறந்து என்னையும் உள்ளே விட்டார்கள். ஹால் மேஜையில் லேஸ் துணி விரித்து, அதன் மேல் ரூட்டர், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் இருக்கும் பெண் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தது. லைன்மேன் சோதித்துப் பார்த்தார். வேகம் காட்டும் முள் துள்ளி எழுந்து மறுகோடிக்குப் போய் நின்றது.

"லைன் தங்கமா இருக்குண்ணே" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்க லேப்டாப்புலதான் மேடம் கோளாறு" என்றார்.

அவர் போய், நான் மாடி ஏறி, வகுப்பைத் தொடங்கினால் பழையபடி வட்டம். மறுபடி வரவழைத்தால் மறுபடி மேஜை, மறுபடி லேஸ், மறுபடி தங்கம். லேப்டாப்பை மதுரைக்குத் தூக்கிப்போய்க் கடையில் காட்டினேன். அவர்களும் தங்கம் என்றார்கள். எல்லாம் தங்கமாக இருக்க, நான் மட்டும் ஸ்டிக்கராக இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மாடிச் சுவரைப் பார்த்து என் வாயில் வந்ததை எல்லாம் திட்டினேன். சுவருக்குக் காது இருந்திருந்தால் செங்கல் உதிர்ந்திருக்கும்.

அந்த வாரம்தான் கம்பெனியிலிருந்து என் மேலதிகாரி அம்மா பேசினார். வெள்ளிக்கிழமை சாயங்கால வகுப்பில் தானும் உட்காரப் போவதாகச் சொன்னார். "இதான் கடைசி. அன்னைக்கும் படம் நின்னுச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கூடவே அப்பாவும் போன் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் கேட்டதைச் சந்தோஷமாகச் சொன்னார்.

மறுநாள் அத்தை கம்பி வழியாகக் கூப்பிட்டார். "ஒரு கல்யாணத்துக்குப் போகணும். எந்தச் சேலை நல்லா இருக்கும்னு வந்து பாரும்மா." மாமா கிரில்லைத் திறந்தார், படுக்கையறையைத் திறந்தார், கடைசியாகப் பெரிய இரும்பு பீரோவைத் திறந்தார். பீரோ கதவு திறந்த அந்த நொடியில் என் கையிலிருந்த போன் டிங் டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது. காலையிலிருந்து வராத செய்திகள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. அதில் என் ஸ்டிக்கரும் ஒன்று.

நிமிர்ந்து பார்த்தேன். பீரோவின் நடுத்தட்டில், ஒரு பக்கம் நகைப்பெட்டி, மறுபக்கம் வீட்டுப் பத்திரம், நடுவில் சிவப்பு வெல்வெட் துணி போர்த்திக்கொண்டு பச்சை விளக்கோடு ரூட்டர் இருந்தது.

"தொட்டுப் பாரேன் சேலைய" என்றார் அத்தை. "அந்தத் தட்டுக்கு மேல வச்சா எப்பவும் இஸ்திரி போட்ட சூடுதான்."

எனக்கும் சூடாகத்தான் இருந்தது. "மாமா, இது ஏன் பீரோவுக்குள்ள இருக்கு?"

"பின்ன எங்க இருக்கும்?"

"லைன்மேன் வந்தப்ப மேஜையில இருந்துச்சே?"

"அவன் அந்தக் கம்பெனி ஆளு. அவன் பொருளை அவன் பாக்குறதுக்கு எடுத்து வச்சேன். அவன் போனதும் உள்ள வச்சுட்டேன். வயரு போக வெல்டரைக் கூட்டியாந்து பீரோவுக்குப் பின்னாடி ஓட்டையே போட்டிருக்கேன், வந்து பாரு." பெருமையாகக் காட்டினார்.

கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன். லைனைப் போட வந்த ஆள் முதல் நாள் போகும்போது, 'இது எங்க கம்பெனி சொத்து சார், பத்திரமா வச்சுக்கங்க' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தை. எல்லா வீட்டிலும் தலையாட்டிவிட்டு டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். மாமா அதைக் கேட்டு, பத்திரமாக என்றால் பத்திரம் இருக்கும் இடத்தில்தானே என்று வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துப் பூட்டிவிட்டார்.

"மாமா, இரும்புக்குள்ள வச்சா சிக்னல் வெளிய வராது. மூடி வச்சா சூடாகித் தானா அணைஞ்சு போகும். அதான் எனக்கு நின்னு நின்னு போகுது."

"அதெப்படி வராது? உங்கப்பா போன் பண்ணினா பஸ்ஸுக்குள்ள உனக்குக் கேக்குதுல்ல? பஸ்ஸு இரும்புதான?"

"பஸ்ஸுக்கு ஜன்னல் இருக்கு மாமா."

"பீரோவுக்கும் ஓட்டை இருக்கே."

அத்தை பீரோ கதவை மெதுவாகச் சாத்தினார். என் போனில் வைஃபை கோடுகள் விழுந்தன. திறந்தார், எழுந்தன. சாத்தினார், விழுந்தன. அத்தைக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. மாமா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "போன்ல கோளாறு இருக்கும்" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

வெளியே எடுத்து வையுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. "என் பொருளுன்னா போனாப் போகுதுன்னு விட்டுருவேன். இது அடுத்தவன் பொருளும்மா. நாளைக்கு வந்து கேட்டா நான் எங்க போயி நிப்பேன்?" சொல்லும்போது அவர் கை தானாக இடுப்புச் சாவியைத் தடவியது. பள்ளிக்கூடத்தின் அத்தனை அறையையும் அப்படித்தான் காத்திருப்பார் என்று தோன்றியது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவரைப் பிடித்தும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் அழுதுவிட்டேன். மிளகாய் இல்லாமல் அழுதது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமையையும் பேரையூரையும் மாப்பிள்ளையையும் அழுகையோடு சேர்த்துச் சொல்லி முடித்தேன்.

"ஏங்க, அந்தப் பிள்ளைக்கு வேலை போயிரும்ங்க" என்றார் அத்தை.

மாமா வெளியே போய் வாசலில் இருந்த வேப்பமரத்தைச் சுற்றி நடந்தார். திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை ஒரு கிளாஸுக்கு மட்டும் பீரோவைத் தொறந்து வைக்கிறேன். ஆனா வெளிய எடுக்க மாட்டேன். நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்து, அதன் முன்னால் நாற்காலி போட்டு, கையில் குடையைக் கம்பு மாதிரி பிடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்தார். வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் வந்து மணி அடித்தார். மாமா எழுந்திருக்கவில்லை. அத்தை என் அறை வாசலில், கேமராவில் விழாத இடத்தில் நின்றுகொண்டார். என் முகத்தைப் பார்த்து நிலவரம் சொல்வது அவர் வேலை.

வகுப்பு ஓடியது. படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மேலதிகாரி அம்மா ஒரு மூலைக் கட்டத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். பின்னக் கூட்டலில் பாதி வந்தபோது படம் லேசாகத் திக்கியது. என் முகம் மாறியிருக்க வேண்டும். அத்தை படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது, அதைத் தொடர்ந்து தெருவுக்கே கேட்கும் குரல்.

"ஏங்க, தள்ளி உக்காருங்க. நீங்க மறைக்கிறீங்க. பிள்ளைக்குப் படம் நிக்கிது."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. படம் சரியானது.

"அங்க யாரோ கத்துறாங்களே?" என்றார் மேலதிகாரி அம்மா.

"டெக்னிக்கல் டீம் மேடம்" என்றேன்.

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவர் மட்டும் இருந்தார். வேலையை நிரந்தரம் செய்யச் சொல்லி இன்றே எழுதிவிடுவதாகச் சொன்னார். "ஆனா ஒண்ணு. நெட் தினமும் இதே மாதிரி இருக்கணும். ஒரு நாள் கூத்தா இருக்கக் கூடாது. இருக்கும்ல?"

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். மாமா நாற்காலியில் அப்படியே இருந்தார். காபி ஆறிப்போய்ப் பக்கத்தில் ஏடு கட்டி இருந்தது. வேலை நிரந்தரமாகப் போவதைச் சொன்னேன். முகம் மலர்ந்து, "நல்லதும்மா, ஆண்டவர் கிருபை" என்றார். பிறகு நிபந்தனையையும் சொன்னேன். மலர்ந்த முகம் யோசனையில் சுருங்கியது. திறந்த பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பீரோவைப் பார்த்தார்.

"கதவு தொறந்தே இருக்கணும்ங்கிற."

"ஆமா மாமா."

"தினமும்."

"தினமும்."

எழுந்து பீரோவுக்குள் கையை விட்டார். ரூட்டரை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதைத் தொடாமல் பக்கத்திலிருந்த நகைப்பெட்டியை எடுத்து, மேலே வீட்டுப் பத்திரத்தையும் வைத்து என் கையில் கொடுத்தார்.

"இதைக் கொண்டுபோயி உன் ரூம்ல வச்சுக்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தைக்கும் புரியவில்லை.

"திருடன் எதுக்கு வருவான்? நகைக்குத்தான் வருவான்" என்று மாமா பொறுமையாக விளக்கினார். "நகை இல்லாத பீரோவை எவன் பாக்கப் போறான்? தொறந்தே கெடந்தாலும் ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான். நம்ம நகையால அடுத்தவன் பொருளுக்கு ஆபத்து வந்துறக் கூடாதுல்ல."

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்தப் பெட்டிச் சாவிய என் கையில குடுத்தது இல்லங்க" என்றார் அத்தை. வருத்தமாகச் சொல்லவில்லை, மலைத்துப்போய்ச் சொன்னார்.

பெட்டி கனத்தது. எப்படியும் ஒருநாள் தெரியத்தான் போகிறது என்று ஒளித்து வைத்திருந்த ஒரு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மாமா, என் ரூமுக்கு நீங்க குடுத்த பூட்டைத் தொலைச்சுட்டேன். வந்த ரெண்டாம் வாரமே. இத்தனை நாளாத் தாழ்ப்பா மட்டுந்தான் போடுறேன்."

சாவிக்கொத்து அசையாமல் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருக்கட்டும்" என்றார் மாமா. "நீ இருக்கேல்ல, போதும்."

அத்தை பக்கத்தில் வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.